கான்டன் துப்பாக்கிச் சத்தத்தை எண்ணியவர்கள்

2007 ஜூன் 12, செவ்வாய். காலை 8.40க்கு லண்டன் ஹவுன்ஸ்லோவில் என் அக்கா மகன் வீட்டிலிருந்து டாக்சியில் புறப்பட்டேன். கியூவிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் ஐந்து மைல் தூரம். கட்டணம் பதினொரு பவுண். அதிகம்தான். கண்ணாடி இரண்டு, மாத்திரை நான்கு, குடை ஒன்று என்று மூன்று முறை சரிபார்த்துக்கொண்டேன்.

ஓட்டுநர் யாழ்ப்பாணத்துக்காரர். "ஐயா, கியூவில பூந்தோட்டம் பாக்கவோ போறியள்?"

"இல்லை தம்பி, பழைய ஃபைல் ஒன்று பார்க்கத்தான் மலேசியாவிலிருந்து வந்தேன்."

"அதுக்கு மலேசியாவில இருந்து வந்தனீங்களோ! இஞ்ச என்ர விசா ஃபைல் அசைய ஏழு வருசம் எடுத்தது. உங்கட ஃபைல் எத்தினை வருசம்?"

"நாற்பது."

"அப்ப நீங்கள் என்னை வெண்டிட்டியள்!"

1967இல், பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த ஹாங்காங்கின் எல்லை ரயில் நிலையத்தில் நான் அரசு எழுத்தர். ஈப்போவில் வளர்ந்ததால் கான்டனீஸ் பேசுவேன். எல்லைக்கு அப்பால் சீனாவின் குவாங்டுங் மாநிலத்தில் கலாச்சாரப் புரட்சியின் செங்காவலர் அணிகள் மோதிக்கொண்டிருந்த கோடை அது. பிரிட்டிஷ் அதிகாரிகள் அங்கே போக முடியாது. ஆகவே எல்லைப் பாலத்தைக் கடந்து வருவோரிடம் இறைச்சி விலை, சுவரொட்டி, துப்பாக்கிச் சத்தம் என எல்லாம் விசாரித்துக் கணக்கெடுத்தோம். ஒருநாள், மாநிலத் தலைநகர் கான்டனில் துப்பாக்கிச் சத்தம் கேட்டவர்கள் நாற்பத்தொருவர் என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி அதை அடித்துப் பதினேழு என்று எழுதினார். காரணம் சொல்லவில்லை. என்னைப் பொய்யன் என்று நினைத்தாரா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பயணம்.

9.15க்குக் காப்பகம். பேனாவுக்கு அனுமதியில்லை, பென்சில் மட்டும். முப்பத்தைந்து நிமிடத்தில் நான் கேட்ட ஃபைல் கட்டு வந்தது. ஒரு தாள்கூட மடங்கவில்லை. என்ன பராமரிப்பு!

நான் தாள்களை எண்ணுவதைக் கண்ட ஊழியப் பெண் சிரித்தார். "ஒவ்வொரு தாளிலும் எண் இருக்கிறதே, ஐயா."

இருந்தாலும் எண்ணினேன். 212. சரியாக இருந்தது.

138ஆம் தாளில் என் கையெழுத்து. பின்பக்கம் மேலதிகாரியின் பென்சில் குறிப்பு: "ஆட்கள் நாற்பத்தொன்று, வீடுகள் பதினேழு. ஒரு வீட்டார் சொல்வது ஒரே செய்தி. எழுத்தர் தலைகளைப் பிழையில்லாமல் எண்ணியிருக்கிறார். இரண்டு எண்களும் லண்டனுக்குப் போகட்டும்."

முன்பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். ஒரே தெருவிலிருந்து ஒரே குடும்பத்தார் ஒன்பது பேர். தாயின் தோளில் தூங்கிய நான்கு மாதக் குழந்தையையும் சத்தம் கேட்டவர்களில் சேர்த்திருக்கிறேன்.

எல்லைக்கு அப்பால் ஓரடிகூட வைக்காமல், வந்தவர்களின் பேச்சை இப்படிச் சலித்துச் சலித்து ஒரு மாநிலத்தையே அறிந்திருக்கிறார்கள். அந்த மனிதரையோ நான் ஆறு கல்யாண வீடுகளில் ஏசியிருக்கிறேன். அந்த ஏச்சைக் கேட்டவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் நால்வர். ஈப்போ திரும்பியதும் நால்வருக்கும், அவர் செய்தது சரி என்று கடிதம் எழுத வேண்டும்.