தொட்டி மாறிய மண்புழுக்கள்

என் கொழுந்தன் மனைவி சாந்தியின் மண்புழுத் தொட்டியைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளை முந்தவேண்டும் என்று, பக்கத்திலிருந்த என் தொட்டியில் எங்கள் கோழிப்பண்ணையின் புது எருவைக் கொட்டினேன்.

காலையில் என் தொட்டி காலி. இரண்டையும் மூடியிருந்த ஈரச்சாக்கு வழியே புழுக்கள் அவள் தொட்டிக்குப் போயிருந்தன.

"அக்கா, உங்க புழுவெல்லாம் எங்கூட்டுக்கு விருந்துக்கு வந்திருக்குதுங்க!"

"சிரிக்காதடி."

"அதுக்கு நுரையீரல் இல்லீங்க, தோல்லதான் மூச்சு. புதுக் கோழி எரு தோலை எரிச்சுப்போடுமுங்க. ஆறவெச்சுத்தான் போடோணும்."

ஒரு கூடை நிறையப் புழுக்களை அள்ளித் தந்தாள். என்னிடம் இருந்ததைவிட அதிகம். அந்தத் தாராளமும் எனக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

கண்ணும் காதும் இல்லாத புழு, எரிகிற இடத்தை விட்டு நகர்ந்துவிடுகிறது. நான்தான் இன்றும் அவள் தொட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.