அந்த நாட்டுச் சட்டம்

என் தாயை நான் வேலைக்காரி என்று சொன்னேன். பிறகு ஒரு நாட்டின் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அவள் சாகும்வரை என் முகத்தை அவளுக்குக் காட்டாமல் இருந்தேன்.

சொல்லிவிட்டேன். நீங்கள் என்னைக் காறித் துப்பலாம்... முழுவதையும் கேட்டுவிட்டுத் துப்புங்கள்.

நான் வேலை பார்த்த வளைகுடா நாட்டில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், பேச முடியாது. வீடியோவும் வராது. அரசாங்கம் அடைத்து வைத்திருந்தது. வி.பி.என். என்ற செயலியைப் போட்டால் வரும், பிடிபட்டால் அபராதம், சிறை என்றார்கள். பயந்துகொண்டே எல்லோரும் போட்டிருந்தார்கள். எங்கள் அறையில் அத்தனை பேருடைய போனிலும் அதைப் போட்டுக் கொடுத்தவனே நான்தான்!

அந்த அறையில் ஒரு வழக்கம். யாருடைய அம்மா வீடியோவில் வந்தாலும் போன் கட்டில் கட்டிலாகச் சுற்றிவரும். எல்லோரும் "சாப்டீங்களாம்மா?" என்று கேட்போம். நல்ல வழக்கம்தான். எனக்கு அதுவே வினையாயிற்று.

ஏனென்றால் நான் அவர்களிடம் அளந்து வைத்திருந்தேன். நுவரெலியா டவுனில் சொந்த வீடு, அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் பெரிய கிளாக்கர்... உண்மையில் நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். ஒற்றை அறை, தகரக் கூரை. அப்பா என் சிறுவயதிலேயே போய்விட்டார். கொழுந்து பறித்து என்னையும் தங்கச்சியையும் ஆளாக்கியவள் அம்மா. கொழும்புக் கடையில் நின்ற காலத்தில் "தோட்டக்காட்டான்" என்று வாங்கிய பேச்சு போதும், இனி எவனிடமும் வாங்கமாட்டேன் என்று விமானம் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன்.

லயத்தில் சிக்னல் கிடையாது. மலைக்கு மேலே தண்ணீர்த் தாங்கியடியில்தான் கிடைக்கும். ஒரு பின்னேரம் அம்மா வேலைவிட்ட கோலத்தோடு அங்கே ஏறி, தங்கச்சியின் போனில் என்னை அழைத்தாள். இடுப்பில் கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கு. வாய் நிறைய வெற்றிலை. அட்டை கடித்த காலில் சுண்ணாம்பு.

"தம்பி... என்னப்பா இப்பிடி மெலிஞ்சிட்ட!"

பக்கத்துக் கட்டில் தஞ்சாவூர்க்காரன் எட்டிப் பார்த்தான். "யாருடா அது?"

"எங்க வீட்டு வேலைக்காரி" என்றேன். உடனே துண்டித்தேன்.

கேட்டிருப்பாளா? மலை உச்சிக் காற்றில் ஒன்றும் கேட்டிருக்காது... அப்படித்தான் என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அன்றே தங்கச்சிக்குக் குரல்செய்தி அனுப்பினேன். "இனிமே வீடியோ கோல் எடுக்காத புள்ள. இங்க சட்டம் ரொம்பக் கடுமை. புடிச்சா ஜெயில்தான்."

அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கார்டு போட்டுச் சாதாரண அழைப்பில் பேசுவேன். சாப்பிட்டியா என்பாள், குளிரா வெயிலா என்பாள். முகத்தைக் காட்டு என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது!

மொட்டை மாடிக்குப் போய்த் தனியாகப் பேசியிருக்கலாமே என்கிறீர்களா? பேசியிருக்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் என் முகம் தெரிந்தது. அது எனக்கு அருவருப்பாக இருந்தது. போதுமா?

பிறகு அவள் படுக்கையில் விழுந்தாள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கச்சி குரல்செய்தியில் அழுதாள். "அண்ணே, வீட்டுலயே சிக்னல் எடுக்குற சிம் ஒன்னு வாங்கிட்டேன். அம்மா ஒங்க போட்டோவையே பாத்துக்கிட்டு இருக்கு. ஒரு நிமிசம் வாங்கண்ணே..."

"சட்டம் புள்ள. என்னைய ஜெயில்ல போடணுமா?" என்று சீறினேன். சீறும்போது கையில் வேறொருவன் போன். அவன் தன் தாயைப் பார்ப்பதற்காக வி.பி.என். போட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா போய்ச் சேர்ந்தாள். கொள்ளி வைக்க வேண்டியவன் நான்... சித்தப்பா மகன் வைத்தான். அன்று முழுவதும் வி.பி.என்.னை ஓடவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை. அழைத்தால் பொய் வெளுத்துவிடுமே!

போன மாதம் ஊருக்கு வந்தேன். தேநீர் கொடுத்துவிட்டுத் தங்கச்சி சொன்னாள்:

"நம்ம நாட்டுலயும் ஒருக்கா வாட்ஸ்அப்ப நிப்பாட்டுனாங்கல்ல? அப்ப லயத்துப் பசங்க வி.பி.என். போட்டாங்க. அண்ணனையும் அப்பிடி எடுக்கச் சொல்வோம்னு அம்மாகிட்ட சொன்னேன். அம்மாதான் வேணாம்னுருச்சு. சாகுற அன்னிக்கும் அதையேதான் சொல்லுச்சு."

"ஜெயிலுக்குப் பயந்தா?"

"இல்லண்ணே. 'ரூம்ல ஆளுங்க இருப்பாங்கடி. என்னையப் பாத்தா தம்பிக்கு வெக்கமா இருக்கும்'னுச்சு. அது ஏன் அப்பிடிச் சொல்லுச்சு?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்கு இனி வாய்க்காது. அம்மா படுத்திருந்த கட்டில் பக்கத்திலேயே கிடந்தது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நோவுல என்னமோ பெனாத்தியிருக்கும் புள்ள. அந்த நாட்டுச் சட்டம் அப்பிடி" என்றேன்.