படகில் ஆறு பேர்

மகள் இரண்டாம் முறையாக உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த அன்று, நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். குறிகட்டுவான் துறையில் மோட்டார் வள்ளம் ஏறியதும் தூய கணிதத்தில் வந்த ஒரு கேள்வியைச் சொன்னாள். ஆறு பேர் ஒரு படகின் ஆறு இருக்கைகளில் எத்தனை விதமாக அமரலாம்?

"சுக்கானிலை ஓட்டிதானே இருப்பார், அம்மா. அவரை விட்டிட்டு மற்ற ஐஞ்சு பேரையும் மாத்தி மாத்தி இருத்தினனான். நூற்றியிருபது."

ஓட்டியின் காதில் அது விழுந்துவிட்டது. "சரியாச் சொன்னாய், பிள்ளை. என்ரை சுக்கானை உன்ரை அம்மாட்டைக் குடுத்தால் எல்லாரும் இராமேஸ்வரத்திலைதான் இறங்கோணும்."

"அவ பிடிச்சால் அங்கையும் போய்ச் சேராது, அண்ணை," என்றாள் பனையோலைக் கடகத்தோடு இருந்த ஒரு பெண். வள்ளமே சிரித்தது. மகளும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எஸ்.எஸ்.சி. வரைதான் படித்தவள். ஆனாலும் அவளுடைய புத்தகங்களைக் கூடவே படித்துவந்தேன்.

"என்னம்மா, பிழையோ?"

"கேள்வியிலை ஓட்டியெண்டு ஒருத்தர் இருந்தவரோ?"

அவள் முகம் வெளிறியது. ஓட்டி இல்லையென்றால் விடை எழுநூற்றிருபது. கேள்வியின் அடுத்த இரண்டு பகுதிகளும் அந்த விடையின் மேல் கட்டப்பட்டவை.

முடிவு வந்தபோது பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதவில்லை. மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி என்றாகிவிட்ட காலம் அது. அந்தக் கணக்கு சரியாக வந்திருந்தாலும் இடம் கிடைத்திருக்குமோ தெரியாது. அதை அவளுக்குச் சொல்லிப் பார்த்தேன். "படகெண்டால் எங்களுக்கு என்னெண்டு பேப்பர் திருத்துறவைக்குத் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டாள்.

திரிகோண கணிதச் சமன்பாடு ஒன்றைக் கண்டதும் எங்கே உடைக்கலாம் என்று அறிந்த பிள்ளை. பொருள்களைக் கூட்டங்களாகப் பிரிக்கும் 'தொடைகள்' என்று புதிதாக வந்த பாடத்தை வட்டங்கள் கீறி எனக்கே விளங்கவைத்தவள். இப்போது ஒரு கேள்வியைப் பத்துத் தரம் வாசிக்கிறாள், விடை எழுதுவதில்லை.

பரீட்சை எழுத மூன்றாம் முறைதான் கடைசி வாய்ப்பு. போன கிழமை வேண்டுமென்றே இலகுவான கணக்கொன்று கொடுத்தேன்: கோபுரத்தின் அடியிலிருந்து தூரமும் ஏற்றக் கோணமும் தந்தால் உயரம் என்ன? முக்கோணத்தைக் கீறினாள். பேனை நின்றது.

"கோபுரம் நிமிர்ந்து நிக்குதெண்டு எங்கை கிடக்கு?"

"கோபுரமெண்டால் நிமிர்ந்துதானேயடி நிக்கும்."

"சுக்கானிலை ஓட்டிதான் இருப்பாரெண்டு நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

கொப்பியை மூடிவிட்டு எழுந்து போனாள். விண்ணப்பிக்கும் காலம் முடியப்போகிறது. நேற்று இவர் கேட்டபோது, "எனக்கு ஏலாது, அப்பா," என்றாள். இவர் என்னைப் பார்த்தார். வற்புறுத்தி அனுப்பினால் பிள்ளை என்ன ஆவாளோ என்று பயமாக இருக்கிறது. அனுப்பாமல் விட்டால் என்ன ஆவாளோ என்றும் அதே பயம்.