முதல் பிள்ளை என்று நான் சொன்னது

வாசிப்பவரே, உங்களைச் சாட்சியாக அழைத்தே தொடங்குகிறேன். தீர்ப்பு வேண்டியல்ல, நான் சொன்ன ஒரு பதிலை யாரேனும் ஒருவர் முழுதாகக் கேட்டுவைக்க வேண்டும்.

நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் பிறவி வளர்சிதை மாற்றக் குறைபாடுகள் பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் நடந்தது. சில பச்சிளம் குழந்தைகளுக்குத் தாய்ப்பாலே உடலுக்குள் நஞ்சாகும், அந்தக் குறை பெற்றோர் இருவர் வழியாகவும் வரும், உறவுக்குள் மணந்தவர்களிடம் கூடுதலாகத் தோன்றும் என்றார் வந்திருந்த மருத்துவர். நன்றியுரை என்னுடையது. அவர் சொன்னதை நான்கு வாக்கியங்களில் அடுக்கினேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு தந்த படிவத்தில், குடும்பத்தில் கைக்குழந்தை இறந்ததுண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தேன். பொய்யென்று தோன்றவே இல்லை. அக்காவின் தலைப்பிள்ளை ஐந்தாம் நாள் இறந்திருந்தது. பேர் வைக்குமுன் போனதைப் பிள்ளையாக எங்கள் வீட்டில் சேர்ப்பதில்லை.

அடுத்த மாதம் அருப்புக்கோட்டையில் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் பால் குடிக்காமல் துவண்டு தூங்கியது. அக்காவின் கணவர் எங்கள் தாய்மாமன்தான். மருத்துவமனையில் டாக்டர் வந்ததும் அவர் என்னை முன்னே தள்ளினார்.

"மைக்கைப் பிடிச்சா விடமாட்டேல்ல, டாக்டரம்மாகிட்ட நீயே பேசுலே."

"சொந்தத்துல கட்டுனதா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமாங்க."

"இதுக்கு முன்னால பிள்ளை எதுவும் தவறியிருக்கா?"

"இல்லைங்க. இதுதான் முதல் பிள்ளை."

தடுமாறாமல் சொன்னேன். பக்கத்தில் நின்ற மாமாவும் அதைத் திருத்தவில்லை. அடுக்கிய நான்கு வாக்கியங்களில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கிருமித்தொற்று என்று மருந்து ஏற்றினார்கள். பாலாடைச் சங்கில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டச் சொன்னார்கள். அம்மாவும் நானும் புகட்டினோம். அவன் விழுங்கிய ஒவ்வொரு சொட்டையும் வெற்றியாக எண்ணினேன்.

மறுநாள் காலை அவனுக்கு வலிப்பு வந்தது. நர்ஸ் வாய்வழியே என் பதில் அக்காவுக்கு எட்டியிருந்தது. தையல் பிரியாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து வந்தாள்.

"ஏலே, என்னத்தச் சொல்லி வச்சிருக்க? போன தடவ நான் பெத்தது என்ன, கல்லா?"

டாக்டர் திரும்பினார். "அதுவும் இப்பிடித்தான் தூங்குச்சாம்மா?"

"இப்பிடியேதாங்க. அஞ்சா நாளு போயிருச்சு."

அந்த நிமிடமே பாலை நிறுத்தினார். குளுக்கோஸ் மட்டும் ஏற்றி, மதுரைக்கு ஆம்புலன்ஸ் சொன்னார். என்னைப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார்: "ஒரு நாள் வீணாப்போச்சே தம்பி."

காரியாபட்டி தாண்டும்போது அவனுக்கு மறுபடி வலிப்பு.

மதுரையில் இரத்தத்தில் அம்மோனியா என்ற நஞ்சு ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஏழாம் நாள் கண் திறந்தான். காலமெல்லாம் அளந்த உணவுதான். மூளைக்கு எவ்வளவு கேடு என்பது போகப்போகத்தான் தெரியும் என்றார்கள்.

வராந்தாவில் அம்மா என் கையைப் பிடித்தாள். "ஊருல போயி வாயத் தொறந்துறாதய்யா. நாளைக்கு உனக்குப் பொண்ணு குடுக்க மாட்டாக."

அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன்:

"சொல்லுவேன்மா. ஆஸ்பத்திரியில கேட்டாலும், காலேஜுல கேட்டாலும், பொண்ணு குடுக்க வாரவுக கேட்காட்டியும் சொல்லுவேன். அக்காவுக்கு ரெண்டு பிள்ளைக. மூத்தது அஞ்சு நாள் இருந்துச்சு."