கைரேகை டாக்டர்

அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், லிஃப்டுக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் அறையில் ஒரு ஹார்மோன் டாக்டரம்மா இருக்கிறார். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கைரேகை டாக்டர்'. சர்க்கரைக்கு வந்தாலும் சரி, தைராய்டுக்கு வந்தாலும் சரி, முடி கொட்டுகிறதென்று வந்தாலும் சரி, முதலில் இரண்டு உள்ளங்கையையும் நீட்டச் சொல்லுவார். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்ப்பார். இந்தக் கோடெல்லாம் பிறந்ததிலிருந்தே கறுப்பா, இல்லை இப்போதுதான் கறுத்ததா என்று கேட்பார். அப்புறம் ஈறைப் பார்ப்பார். பழைய தழும்பு இருந்தால் அதையும் விடமாட்டார். ஆயுள் ரேகை எப்படி இருக்கிறது என்று வம்புக்குக் கேட்டவர்களும் உண்டு. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் நீளமாகத்தான் இருக்கும் என்று அவரும் சளைக்காமல் சொல்லுவார்.

ஆள் மெதுவு என்று ஒரு பேச்சும் உண்டு. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியுமா? ஒரு நோயாளிக்கு அரைமணி நேரம். என்ன சாப்பிடத் தோன்றுகிறது, உடுப்பு தளர்ந்ததா இறுகியதா, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்க மாட்டார்கள். வரவேற்பு மேசைப் பெண் கடிகாரத்தையும் பெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். நான் சொல்லுகிறேன், முணுமுணுக்காமல் உட்காருங்கள். இந்த நிதானம் சும்மா வந்ததில்லை. ஒரு மனுஷி உயிரைப் பணயம் வைத்து இவருக்குக் கற்றுக்கொடுத்தது.

டாக்டரம்மா பிறந்த வீட்டில் நிதானம் என்ற சொல்லுக்கே இடமில்லை. அப்பா பேருந்து ஓட்டுநர். சொன்ன நேரத்துக்கு வண்டி நிற்கவில்லையென்றால் அன்று அவருக்குச் சோறு இறங்காது. அம்மா ஓர் அலுவலகத்தில் தட்டச்சர். அவர் விரல்கள் ஓடுகிற ஓட்டத்தில் பேச வந்தவர்கள் பேச்சை மறந்துபோவார்கள். அவர்கள் பெற்ற மகள் மட்டும் என்ன ஆமையாகவா இருப்பாள்? பள்ளிக்கூடத்தில் பரீட்சை மணி அடிப்பதற்குக் கால்மணி முன்பே தாளை நீட்டிவிடுகிற ரகம். மருத்துவப் படிப்பிலும் அப்படித்தான். பொது மருத்துவத்தில் மேற்படிப்புச் சேர்ந்து புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்தபோது, ஒரு காலைப் பொழுதில் அறுபது பேரைப் பார்த்து முடித்த பெருமை அவருக்கு இருந்தது. கூட வேலை பார்த்தவர்கள் 'மின்னல்' என்றார்கள். அதைக் கேட்டு உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவர்தான். பதறிய காரியம் சிதறும் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால், வயிற்றெரிச்சல் என்று நினைத்திருப்பார்.

அந்தக் காலத்தில்தான் தையல்காரம்மா வந்தார். நாற்பதை ஒட்டிய வயது. கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே வந்துவிட்டார். அதைக் கழற்றக்கூட ஞாபகமில்லாத அசதி. கூடத் தங்கச்சி. அக்கா வெட்டித் தைத்தால் தங்கச்சி பொத்தான் வைப்பாள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சின்னக் கடை நடத்தினார்கள். ஆறு மாதமாக அக்காவுக்கு மிதி இயந்திரத்தை மிதிக்கக் காலில் பலமில்லை. நாலு தையல் போட்டால் தலையைச் சாய்த்துக்கொள்ளத் தோன்றுகிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் தைராய்டு குறைவு என்று தெளிவாக இருந்தது. அசதிக்குக் காரணம் கிடைத்துவிட்டது, பேனா ஓட ஆரம்பித்துவிட்டது.

தையல்காரம்மா மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போவதால் தன் உடுப்பையே மூன்று தடவை பிடித்துத் தைத்துவிட்டாராம். அப்புறம் கொஞ்சம் வெட்கத்தோடு, உப்பை விரலால் தொட்டுத் தொட்டு நக்கத் தோன்றுகிறது, நேற்று ஒரு கை அள்ளியே வாயில் போட்டுக்கொண்டேன் என்றார். டாக்டரம்மா சிரித்தார். உப்பைக் குறையுங்கள், இரத்தக் கொதிப்பு வந்துவிடப் போகிறது என்று சொல்லிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். எல்லாம் சேர்ந்து நாலு நிமிடம்.

என்ன கோளாறு என்று நான் சொல்லிவிடுகிறேன், விளங்காமல் போய்விடக் கூடாது. தைராய்டு குறைந்தால் பொதுவாக உடம்பு கனக்கும். இந்த அம்மாவோ துரும்பாய் இளைத்துக்கொண்டிருந்தார். சிறுநீரகத்தின் மேலே தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பி ஒன்று உண்டு, அட்ரினல் என்பார்கள். உடம்பில் உப்பைப் பிடித்துவைப்பதும், ஆபத்துக் காலத்தில் தாங்கிப்பிடிப்பதும் அதுதான். தையல்காரம்மாவுக்கு அது காய்ந்துபோயிருந்தது. அது காய்ந்தவர்களுக்கு முதலில் அதற்கான மருந்து, பிறகுதான் தைராய்டு மாத்திரை. மாற்றிக் கொடுத்தால் தைராய்டு மாத்திரை உடம்பை விரட்டும். விரட்டிய வேகத்தில், மிச்சமிருக்கிற கொஞ்சநஞ்சத் தாங்குசக்தியும் செலவாகிப் போகும். இந்த வரிசை டாக்டரம்மாவுக்குத் தெரியாதா? பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கினால் ஆனை எழுந்துவிடும். அடியில் அகப்பட்டவர்கள் கதிதான் என்ன?

பதினோராம் நாள் மதியம் தையல்காரம்மாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். வாந்தி, வயிற்றுவலி, பேச்சு குழறல். வேறொரு டாக்டர் பார்த்துவிட்டு, கெட்டுப்போனது எதையோ சாப்பிட்டிருக்கிறார் என்று எழுதி, ரத்தம் எடுத்து அனுப்பிவிட்டு ஓரப் படுக்கையில் போட்டிருந்தார். டாக்டரம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். அப்போதுதான் பரிசோதனைக்கூடத்து அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்.

அந்த அண்ணன் ஒரு வாயாடி. தாளை அனுப்பினோமா, வேலை முடிந்ததா என்று இருக்கிற மனுஷர் இல்லை. பழைய தாள்களைப் புரட்டி, சீட்டு எழுதியது யார் என்று பார்த்துத்தான் கூப்பிட்டிருந்தார்.

"மேடம், நீங்க தைராய்டு மாத்திரை எழுதின தையல்காரம்மா கீழ படுத்திருக்காங்க. ரத்தத்துல உப்பு தரைக்குப் போயிடுச்சு, பொட்டாசியம் உச்சில நிக்குது, சர்க்கரையும் இல்ல. இது வயித்துக் கோளாறு மாதிரி எனக்குத் தெரியல. சாப்பாடு எங்கயும் ஓடாது, எழுந்து வாங்க."

டாக்டரம்மாவுக்கு உப்பு என்ற சொல்லைக் கேட்டதும், அன்று சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்துவிட்டது. படிகளில் இறங்கவில்லை, விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். தையல்காரம்மாவின் கையைத் தூக்கிப் புரட்டினார். ஊசியும் கத்தரியும் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. அதிலே கோடு ஒவ்வொன்றும் மை தீட்டியதுபோல் கறுத்திருந்தது. உதட்டை விலக்கினால் ஈறும் கறுப்பு, அட்ரினல் காய்ந்ததற்கு அடையாளம். பதினொரு நாளைக்கு முன்னால் இதே கைதான் மேசைமேல் அவர் முகத்துக்கு நேரே கிடந்தது.

அங்கிருந்த நர்ஸ் அக்கா கெட்டிக்காரி. டாக்டரம்மா மருந்தைச் சொன்னதும் காரணம் கேட்டு நிற்கவில்லை. பிற்பாடு நோயை உறுதிசெய்ய ஒரு குழாய் ரத்தத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டு, அடுத்த நொடியே அட்ரினலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியைப் போட்டார். உப்புத் தண்ணீரும் சர்க்கரைத் தண்ணீரும் இரண்டு கையிலும் ஏறின. இரத்த அழுத்தம் முதலில் அறுபதைத் தாண்டவில்லை. டாக்டரம்மா கட்டிலை விட்டு நகரவில்லை. தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டார். மாலை நாலரை மணிக்குத் தையல்காரம்மா கண்ணைத் திறந்து, தாகமாயிருக்கிறது என்றார். அந்த ஒரு சொல்லுக்கு டாக்டரம்மா இன்றைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். பரிசோதனைக்கூடத்து அண்ணன் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. டாக்டரம்மா இன்னும் அவரை எங்கே பார்த்தாலும் சாலையென்றும் பாராமல் கையெடுத்துக் கும்பிடுகிறார். அவரோ, சாப்பாட்டைக் கெடுத்ததற்குத் திட்டப்போகிறீர்கள் என்றல்லவா பயந்தேன் என்று இன்றும் கேலி பண்ணுகிறார்.

பிழைத்தாயிற்று. கதை இதோடு முடிந்திருந்தால் டாக்டரம்மா வேறு மாதிரியான டாக்டராக ஆகியிருப்பார்.

மறுநாள் காலை பெரிய டாக்டர் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். சரியான நேரத்தில் கண்டுபிடித்தாய், அபூர்வமான நோய், டாக்டர்கள் கூட்டத்தில் நீயே இதைப் பற்றிப் பேசு என்றார். டாக்டரம்மா தைராய்டு மாத்திரையைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னதும், அவர் முகம் கொஞ்சம் மாறியது. அது நோயின் வேகம், எப்படியும் ஒருநாள் விழுந்திருப்பார், அதைப் போய் நோயாளியிடம் சொல்லிக் குட்டையைக் குழப்ப வேண்டாம் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. அவர் காலத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போன டாக்டரம்மா, இந்தத் தொழிலே வேண்டாம், தட்டச்சு பண்ணிப் பிழைத்துக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் அழுதார். அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் நீட்டி முழக்குகிற ஆளில்லை.

"மொதல்ல போய் அந்த அம்மாகிட்ட சொல்லிட்டு வா. அப்புறம் விடறதா வேணாமான்னு பாப்போம்" என்றார்.

சொல்வது லேசா? வார்டுக்குள் நுழைந்ததுமே தங்கச்சி ஓடிவந்து டாக்டரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நீங்கள் இல்லாவிட்டால் எங்கள் அக்கா இல்லை, எங்களுக்கு நீங்கள்தான் தெய்வம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்துப் படுக்கைக்காரர்களெல்லாம் பார்த்துச் சிரித்தார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? நெருப்பைத் தொட்டதுபோல் டாக்டரம்மா கையை உருவிக்கொண்டார்.

"என்னைக் கும்பிடாதீங்கம்மா. உங்கக்காவ இந்த நிலைமைக்குக் கொண்டுவந்ததே நான்தான். நான் குடுத்த மாத்திரைதான். அவங்க உப்பப் பத்திச் சொன்னாங்க, இளைச்சதச் சொன்னாங்க. நான் காதுல வாங்கல."

தங்கச்சியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"அப்ப எங்கக்கா செத்திருந்தா?"

"நான்தான் காரணம்" என்றார் டாக்டரம்மா. வேறு எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. வேண்டுமானால் வேறொரு டாக்டரிடம் மாற்றிவிடுகிறேன், புகார் எழுதுவதென்றால் எங்கே கொடுக்க வேண்டும் என்றும் சொல்லுகிறேன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார்.

தையல்காரம்மா தலையணையில் சாய்ந்தபடி சொன்னதையெல்லாம் கேட்டார். அவருக்குக் கோபம் வரவில்லை என்று நான் பொய் சொல்லமாட்டேன். அதை விழுங்கிக்கொண்டார். பிறகுதான் பேசினார்.

"ஒருத்தியோட சட்டைய நான் தப்பா வெட்டிட்டேன். கக்கத்துல அரை விரல் கூடுதலா எடுத்துட்டேன். பாத்தா ஒண்ணும் தெரியாது, கையத் தூக்கினாப் பிடிக்கும். சண்ட போட்டுட்டு வேற கடைக்குத் தூக்கிட்டுப் போனா. அந்தாளு தோளப் பிரிச்சான், முதுகப் பிரிச்சான், சரியா வரல. கடைசில எங்கிட்டயேதான் வந்தா. எங்க வெட்டினேன்னு எனக்குத்தானே தெரியும்?" மூச்சு வாங்கிக்கொண்டார். "என்னைய வேற ஆளுகிட்டத் தள்ளி விடாதீங்க. அவரு முதல்லேருந்து ஆரம்பிப்பாரு. நீங்களே பாருங்க."

டாக்டரம்மா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டு வாங்கத் தயாராக வந்தவருக்கு இதைத் தாங்கத் தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல் அந்த அம்மா வாயிலிருந்து வரவில்லை. அதைவிடப் பெரியது ஒன்றைக் கொடுத்துவிட்டார், தன் உடம்பையே மறுபடி நம்பிக் கொடுத்துவிட்டார். அந்த நிமிடம்தான் டாக்டரம்மா ஹார்மோன் படிப்பு என்று முடிவு செய்தார். பிற்பாடு வேறு ஊர் போய் மூன்று வருஷம் அதையே படித்து, அட்ரினலைப் பற்றியே ஆய்வு எழுதி வந்தது எல்லாம் அங்கே முளைத்ததுதான்.

தங்கச்சிக்குத்தான் ஆறவில்லை. ஆறாததும் நியாயம்தானே? மூலையில் கிடந்த முக்காலியைக் காலால் இழுத்துக் கட்டிலோரம் போட்டாள்.

"உக்காருங்க" என்றாள். "ஆறு மாசமா அக்காவுக்கு என்னென்ன பண்ணுச்சுன்னு நான் சொல்றேன். ஒண்ணு விடாம எழுதுங்க."

டாக்டரம்மா உட்கார்ந்தார். தங்கச்சி முதல் நாளிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டு வரி எழுதுவதற்குள் கண்ணீர் விழுந்து மை கலைந்துவிட்டது.

"அப்புறம் அழுதுக்கலாம்" என்றாள் தங்கச்சி. "எழுதுங்க."