பெரியப்பா பக்கத்து எரிமலை

கருப்பட்டிப் பாகை அடுப்பிலிருந்து இறக்கும்போது கொஞ்சம் தரையில் சிந்தி, துடைக்க ஆளில்லாமல் அப்படியே உறைந்துபோனால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது அந்தக் கல். கறுப்புதான், ஆனால் எங்கள் கரிசலின் மங்கிய கறுப்பு இல்லை. வெயிலில் பிடித்தால் ஓரங்களில் பாட்டில் பச்சை தெரியும், மேலெல்லாம் கொப்புளம் கொப்புளமாக ஊதியிருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் சுட்ட செங்கல்லில் தண்ணீர் ஊற்றியதுபோல ஒரு வாசனை வரும். இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே என்று நான் அதைக் கையில் வைத்திருந்ததாக நினைத்துவிட வேண்டாம். அது கோமதியின் கையில் இருந்தது. உள்ளங்கையில் வைத்து, விரலை மடக்காமல், என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். நான் தொடப்போனபோது கையை இழுத்துக்கொண்டாள்.

கோமதி என் பெரியப்பா மகள். என்னைவிடச் சில மாதங்கள் மூத்தவள், ஒரே வகுப்பு, ஒரே பேருந்து. கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகிற சாலையில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் எங்கள் ஊர். மழையை நம்பி விதைக்கிற நிலத்தை எங்கள் பக்கம் ‘காடு’ என்பார்கள். பெயருக்கு ஒரு மரம் இருக்காது, ஆனாலும் காடுதான். தாத்தாவின் காட்டைப் பாகம் பிரித்தபோது ரோட்டை ஒட்டிய பாதி பெரியப்பாவுக்கும் ஓடையை ஒட்டிய பாதி அப்பாவுக்கும் வந்தது. நடுவில் ‘பொழி’ என்கிற மண்வரம்பு, அந்தப் பொழியின் மேல் உயர் அழுத்தக் கம்பிகளைத் தாங்கிக்கொண்டு ஓர் இரும்புக் கம்பம். பெரியப்பா காட்டில் உளுந்து ஒரு பிடி கூடுதலாக விளைந்தாலும் அம்மா, “ரோட்டுப் பக்கம்லா, அவியளுக்கு விளையாம நமக்கா விளையும்” என்பாள். எனக்குப் பொறாமை என்பது பள்ளிக்கூடத்தில் படித்து வந்ததில்லை, வீட்டிலேயே கிடைத்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் கோமதி என்னிடம் நெருங்க முடியாது. எரிமலை என்னுடைய பாடம். தொண்ணூறுகளின் கடைசியில், எட்டாம் வகுப்பில், பூமிக்குள் என்ன இருக்கிறது என்று டீச்சர் படம் போட்டுக் காட்டிய நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. நாம் நிற்கிற தரைக்கு வெகு ஆழத்தில் பாறை உருகிக் குழம்பாகிக் கிடக்கிறது, அது சும்மாவும் கிடப்பதில்லை, சந்து கிடைத்தால் மேலே ஏறுகிறது, கிடைக்காவிட்டால் அங்கேயே தேங்கிக் காத்திருக்கிறது என்பதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளே இருக்கும்வரை அதற்குப் பெயர் மாக்மா, வெளியே வந்துவிட்டால் லாவா. வகுப்பில் இந்த இரண்டையும் மாற்றாமல் சொன்னவள் நான் ஒருத்திதான். கோமதி பரீட்சையில் ‘மகமாயி’ என்று எழுதி டீச்சரைச் சிரிக்க வைத்தாள்.

அதே வாரம் டீச்சர் இன்னொன்றும் சொன்னார்: கரிசல் மண் எரிமலைக் குழம்பு உறைந்து, பொடிந்து உண்டானது. அது வடக்கே தக்காணத்துக் கரிசலைப் பற்றிய பாடம் என்பதும், எங்கள் பக்கத்துக் கரிசலுக்கு அந்தக் கதை பொருந்தாது என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு வகுப்பு மொத்தமும் ஜன்னல் வழியே வெளியே பார்த்தது. கண்ணுக்கெட்டியவரை கறுப்பு. அப்படியானால் நாங்கள் எல்லோரும் எரிமலையின் மேல்தான் பருத்தியும் மிளகாயும் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்று பேருந்தில் ஊர் வரும்வரை நான் விளக்கிக்கொண்டே வந்தேன்.

எனக்கு ஆதாரமும் இருந்தது. கோடையில் கரிசல் வெடிக்கும். கால் உள்ளே போய்விடும் அளவுக்கு வாய் பிளக்கும். எங்கள் காட்டு வெடிப்புகளில் கூழாங்கல்லைப் போட்டுவிட்டுக் காதைத் தரையில் வைத்துக் கேட்பேன். ஒன்றும் கேட்காது, ஆனால் கன்னத்தில் சூடு அடிக்கும். உச்சிவெயிலில் தரையில் கன்னத்தை வைத்தால் சூடு அடிக்காமல் என்ன செய்யும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெடிப்பு எங்கள் காட்டில்தான் ஆழம் என்பதில் எனக்குப் பெருமை. ஒருநாள் அது இங்கேதான் வரும், நான்தான் முதலில் பார்ப்பேன் என்று முடிவுகட்டியிருந்தேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு பள்ளிகளுக்கான கண்காட்சி ஒன்று கோவில்பட்டியில் நடந்தது. நான் எங்கள் காட்டு மண்ணைப் பிசைந்து ஒரு மலை செய்து, உச்சியில் குழி வைத்து, ஆப்பசோடாவும் குங்குமமும் போட்டு எலுமிச்சைச் சாறு பிழிந்து பொங்க வைத்துக் காட்டினேன். பார்த்தவர்கள் மெச்சினார்கள். அன்றைக்குக் கோமதி வயிற்றுவலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டாள். அவளுக்கு வயிற்றுவலி வருவதெல்லாம் என்னை யாராவது மெச்சுகிற நாட்களில்தான்.

சாயங்காலம் சோடா நுரை காய்ந்த மலையைத் தட்டில் ஏந்திக்கொண்டு பேருந்திலிருந்து இறங்கினேன். ஊர் மொத்தமும் பெரியப்பா காட்டில் நின்றது. மின்கம்பத்தின் அடியில் தரை புகைந்திருக்கிறது, கொதிக்கிற சத்தம் கேட்டிருக்கிறது, பிறகு சிவப்பாக ஏதோ ஊறி வந்து பொழியிலிருந்து பெரியப்பா பக்கம் வழிந்திருக்கிறது. நான் போனபோது எல்லாம் அடங்கி, கறுத்து, இறுகிக் கிடந்தது. யாரோ, “எரிமலைக் குழம்பு” என்றார்கள். அந்த வார்த்தையை ஊருக்குள் கொண்டுவந்ததே நான்தான்.

“நான் சிவப்பா பாத்தேன்ட்டி,” என்றாள் கோமதி. “அப்பாகூட வந்து நின்னு பாத்தேன். தீக்கங்கு மாதிரி நெளிஞ்சு வந்துச்சு. நீதான் ஊர்ல இல்லையே.”

என் கையில் இருந்த மண் மலையை ஓடைக்கரையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். மழை பெய்து எங்கள் காட்டு வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டதால்தான் மாக்மா வழி தெரியாமல் அந்தப் பக்கம் போய்விட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிப் பார்த்தேன். ஆறவில்லை. அம்மாவுக்கும் ஆறவில்லை. சட்டியைக் கழுவிக்கொண்டே, “மழைன்னாலும் அங்கன முதல்ல, எரிமலைன்னாலும் அங்கனதானா” என்றாள். அப்பா, “எரிமலை வந்தா நல்லதாட்டி? நம்ம பக்கம் வரலேன்னு சந்தோசப்படு” என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சந்தோஷம் வரவில்லை.

அடுத்த சில நாட்கள் கோமதியின் ராஜ்யம். விளாத்திகுளம், குளத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் இரு சக்கர வண்டிகளில் வந்தார்கள். பெரியம்மா வருகிறவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள். ஒரு பெரியவர், “குழம்பு வந்துருக்குன்னாவ, ஒரு தூக்குவாளி எடுத்துட்டு வந்திருப்பேனே” என்று சொல்ல, அதற்கு எல்லோரும் சிரித்ததைக் கோமதி தான் சொன்னதுபோல் பெருமையாக வாங்கிக்கொண்டாள். வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னவளும் அவள்தான். உறைந்து கிடக்கிற கல்லைக் காலால் தட்டி, “இதுதான் மாக்மா” என்றாள். நான் கூட்டத்துக்குள் புகுந்து, “வெளிய வந்துட்டா அது லாவா” என்றேன். “யாரு இந்தப் பிள்ளை?” என்று ஒருவர் கேட்டார். “சித்தப்பா மக, அந்தப் பக்கத்துக் காடு” என்றாள் கோமதி. ஒரு பத்திரிகைக்காரர் வந்து அவளைக் கல்லோடு நிற்க வைத்துப் படம் பிடித்தார். பேப்பரில் படம் வந்தபோது ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது, அது நான்.

கல்லை உடைத்துத் துண்டு துண்டாக எல்லோருக்கும் கொடுத்தாள். பேருந்து நடத்துநருக்குக் கொடுத்தாள், டீச்சருக்குக் கொடுத்தாள், வகுப்பில் அதுவரை பேசாத பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை. கேட்டதற்கு, “ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, கல்லு எதுக்கு?” என்றாள். இருந்ததிலேயே பெரிய துண்டை, அந்தக் கொப்புளம் ஊதிய துண்டை, தன் துணிப்பெட்டியில் வைத்துக்கொண்டாள். வயிற்றெரிச்சல் என்று சொல்கிறோமே, அது வெறும் பேச்சு இல்லை. விலா எலும்புக்குக் கீழே இடது பக்கத்தில் உண்மையாகவே எரியும். அந்த நாட்களில் எனக்கு எரிந்தது.

பிறகு கரண்ட் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கம்பத்தின் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, கம்பியைத் தாங்குகிற பீங்கான் மழையில் விரிசல் விட்டிருக்கிறது, அதன் வழியே மின்சாரம் கம்பத்தில் இறங்கித் தரைக்குள் பாய்ந்திருக்கிறது, அந்தச் சூட்டில் மண் உருகிக் கண்ணாடியாகியிருக்கிறது, எரிமலையும் இல்லை ஒன்றும் இல்லை என்றார்கள். அவ்வளவு பேர் கம்பத்தடியில் போய் நின்றதற்குத் திட்டவும் செய்தார்கள்.

எனக்கு வந்த ஆனந்தத்தை எப்படிச் சொல்வது? மறுநாள் பேருந்தில் ஏறியதிலிருந்து பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், அது எரிமலை இல்லை, வெறும் கரண்ட் கசிவு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். துண்டு வாங்கியவர்களிடம் தனித்தனியாகப் போய், “தூரப் போடு, அது வெறும் கரண்ட் கல்லு” என்றேன். சிலர் போடவும் செய்தார்கள். கோமதி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த ஒரு நாள் எனக்கு விலாவுக்குக் கீழே எரியவில்லை.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் கரண்ட் ஆபீஸ்காரர்கள் திரும்பி வந்து, கம்பத்தை மாற்றி நட வேண்டும், சாயாமல் இருக்க இழுத்துக் கட்டுகிற ஸ்டே கம்பியும் வேண்டும், அதைக் காட்டுக்குள் கொஞ்சம் தள்ளித்தான் ஊன்ற வேண்டும் என்றார்கள். ஸ்டே கம்பி நின்றால் அந்த இடத்தில் ஏர் ஓட்ட முடியாது, மாடும் காலை மாட்டிக்கொள்ளும். யார் காட்டில் ஊன்றுவது என்று கேட்டார்கள். அதுவரை ‘என் கம்பம், என் காடு’ என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த பெரியப்பா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “கம்பம் தம்பி பக்கம்லா நிக்குது. பாகம் பிரிக்கையிலயே பேசினதுதான்” என்றார்.

அப்பாவுக்கு வந்ததே கோபம். அம்மா பொழியில் நின்றுகொண்டே ஊர் கேட்கச் சொன்னாள், “எரிமலைன்னா அவியளுக்கு, கம்பம்னா நமக்கு. நல்லா இருக்குய்யா நியாயம்.” ஸ்டே கம்பி எங்கள் பக்கம்தான் இறங்கியது. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு வெகுகாலம் பேசிக்கொள்ளவில்லை.

வீடே கொதித்துக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் ஒரு நினைப்பு பளிச்சென்று வந்தது. கம்பம் எங்களுடையது என்று பெரியப்பா தன் வாயால் சொல்லிவிட்டார். கம்பம் எங்களுடையது என்றால் அதனடியில் உருகியதும் எங்களுடையதுதானே? யாரிடமும் சொல்லாமல் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். கோமதி வாசலில் உட்கார்ந்து பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். “கம்பம் எங்களுக்குன்னு பெரியப்பா சொல்லிட்டாவ. அப்ப கல்லும் எங்களுக்குத்தான். எடு” என்றேன்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

“அது எரிமலைக் கல்லு இல்ல, கரண்ட் கல்லு, தூரப் போடுங்கன்னு ஊரெல்லாம் சொன்னது நீதானே. தூரப் போடுத கல்லு ஒனக்கு எதுக்குட்டி?”

அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள், பயறு விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் வீட்டுக்கு நடந்தேன்.

போன மாதம் கோவில்பட்டியில் கோமதி கட்டியிருக்கிற வீட்டுக்குப் போனேன். வழியில் பேருந்து எங்கள் காட்டைத் தாண்டியது. இப்போது அங்கே உளுந்தும் இல்லை, பருத்தியும் இல்லை. இரண்டு பாகமும் கைமாறி, ஒரே வேலிக்குள் வரிசை வரிசையாகச் சூரிய மின்சாரப் பலகைகள் சாய்ந்து நிற்கின்றன. பொழி இருந்த இடம் தெரியவில்லை. அந்தக் கம்பமும் இல்லை, எங்கள் பக்கம் இறங்கியிருந்த ஸ்டே கம்பியும் இல்லை. கூழாங்கல் போட்டுக் கேட்கலாம் என்றால் வெடிப்பு தெரியாமல் சரளை கொட்டி வைத்திருக்கிறார்கள். பெரியப்பாவும் அப்பாவும்கூட இல்லை. எது யார் பக்கம் என்று சண்டை போட இனி ஆளும் இல்லை, இடமும் இல்லை.

கல் மட்டும் இருக்கிறது. கோமதி வீட்டு ஷோகேஸில், தாஜ்மகால் பொம்மைக்கும் மகள் வாங்கிய கோப்பைகளுக்கும் நடுவே, அடியில் வெல்வெட் துணி விரித்து வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு விலாவுக்குக் கீழே அதே இடத்தில் எரிந்தது. அவள் வீட்டைப் பார்த்து எரியவில்லை, வாசலில் நின்ற காரைப் பார்த்தும் எரியவில்லை. அது வெறும் உருகிய மண் என்று எனக்குத் தெரியும், தெரிந்ததால் ஒரு உபகாரமும் இல்லை.

அவளுடைய மகள், எட்டாவது படிக்கிறவள், நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு கல்லை எடுத்து வந்தாள். “எங்க தாத்தா காட்டுல எரிமலை வந்தப்ப எங்கம்மா எடுத்தது, சித்தி. அம்மா சிவப்பா பாத்தாங்களாம்” என்றாள். சமையலறை வாசலில் காப்பித் தம்ளரோடு கோமதி நின்றுவிட்டாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள் பார்த்துக்கொண்டிருப்பது திரும்பாமலே எனக்குத் தெரிந்தது. கரண்ட் கல் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பிள்ளை கல்லை என் உள்ளங்கையில் வைத்தாள். நினைத்ததைவிடக் கனம் குறைவு.

“ஒங்க காடும் பக்கத்துலதானே சித்தி. ஒங்க பக்கம் வரலையா?”

“எங்க பக்கம் இன்னும் வெளிய வரல,” என்றேன். “உள்ளதான் கெடக்கு. உள்ள இருந்தா அதுக்குப் பேரு வேற, தெரியுமா?”

அவள் தெரியாது என்று தலையாட்டினாள். கல்லை என்னிடமிருந்து வாங்கி, வெல்வெட் துணியில் வைக்காமல் டீப்பாய் மேல் எங்கோ வைத்துவிட்டு, என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.