எடிட்டர் காட்டிய சொல்

பேய், சகுனம், கனவு பலிப்பது எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது, இப்போதும் இல்லை. கம்ப்யூட்டரில் நிரல் எழுதிப் பிழைப்பவள் நான். எது நடந்தாலும் அதற்குக் காரணமான ஒரு வரி எங்காவது இருக்கும் என்று நினைப்பவள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஆறு, சித்திரை வெயில். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். நிரல் எழுத சொந்தமாக எடிட்டர் என்ற ஒரு மென்பொருள் வைத்திருந்தோம். இரண்டு எழுத்து தட்டினால் அப்படித் தொடங்கும் சொற்களைப் பட்டியலாகக் காட்டும். கண்டதையும் காட்டி உயிரை வாங்கியதால், அதைச் சரிசெய்யும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் கோப்புகளில் ஏற்கெனவே உள்ள சொற்கள் மட்டும் வரும்படி மாற்றிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டதும் சோதித்துப் பார்த்தேன். மாதத்துக்கான ஆங்கிலச் சொல் 'மன்த்' அடிக்க எம், ஓ என்ற இரண்டு எழுத்தைத் தட்டினேன். பட்டியலில் முதலாவதாக, ஆங்கில எழுத்தில், 'மோட்டார்போடாதே' என்று வந்தது.

பக்கத்து மேசை சகாயத்தின் குறும்பு என்றுதான் நினைத்தேன்.

"என்ன சகாயம், வெளாட்டா?"

"சத்தியமா நான் தொடலப்பா."

எங்கள் தோப்பு நத்தம் பக்கம். அந்த வாரம் பம்புசெட்டுக்கு இரண்டு மணிக்குத்தான் கரண்டு. வந்ததும் சித்தப்பா மோட்டார் போடுவார். மணி இரண்டு. ஏன் என்று கேட்காதீர்கள், கை தானாகச் செல்லை எடுத்து அவரை அழைத்தது.

"சித்தப்பா, மோட்டார் போட்டாச்சா?"

"இப்பத்தான் கரண்டு வந்துச்சு, போடப் போறேன். என்னம்மா?"

"போடாதீங்க. அப்பா எங்க?"

"இங்கனதான் நின்னாரு..."

செருப்புச் சத்தம், பிறகு அலறல். "அண்ணே! உள்ள என்னண்ணே பண்றீக?"

அப்பா கிணற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில், குழாயைப் பிடித்துக்கொண்டு அதன் அடியில் அடைத்திருந்த சருகை எடுத்துக்கொண்டிருந்தார். யாரிடமும் சொல்லாமல் இறங்கியிருக்கிறார். மோட்டாருக்குப் போகும் ஒயர் உரசி உரசி, உள்ளே செம்பு தெரிய, அதே குழாயைத் தொட்டுக்கொண்டு கிடந்ததாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பா தட்டில் சோறு போட்டுச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "ஏன் இப்படிப் பாக்குற?" என்று கேட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அம்புட்டு நிம்மதியை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததே இல்லை.

மறுநாள் எல்லாக் கோப்புகளையும் தேடினேன். அந்தச் சொல் எதிலும் இல்லை. என் மாற்றத்தை வரிவரியாகப் படித்தேன், பிழை இல்லை. திரும்ப எத்தனை முறை தட்டியும் அது வரவில்லை.

அதை விட்டிருப்பேன். ஒரு வாரம் கழித்து அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "மோட்டார் ரூம் கதவு தெறக்கிற சத்தம் கேட்டுச்சும்மா. தம்பி, போடாதேன்னு கத்துனேன், அவனுக்குக் கேக்கல. என்னமோ தெரியல, அப்புறம் ஒன் பேரச் சொல்லித்தான் கத்துனேன்."

அந்தக் கிணற்றுக்கும் என் மேசைக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு மணி நேரம்.